லிட்டில் சமையல் தெரிந்த பொண்ணு

அன்புள்ள வாயாடித் தோழிக்கு,

லீட்ஸ் குளிர்ல கம்பளிக்குள்ள உக்காந்து நீ எழுதின கடுதாசி இங்க தர்மபுரிக்கு வந்துச்சு. படிச்சா சிரிப்பும் வருது, கோவமும் வருது. "மை தட் ப்ளூ ஸாரி"ன்னு சொன்னதுக்கு உன் பேத்தி "அப்படிச் சொல்லக் கூடாது அம்மாயி"ன்னு திருத்தினாளா? "டுடே இட்ஸெல்ஃப் வி வில் கோ"ன்னதுக்கு உன் மருமகன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுச் சிரிச்சாரா? அன்னையிலிருந்து நீ வீட்டுக்குள்ள இங்கிலீஷ்ல வாயே திறக்கறதில்லையாம். நீ வாயை மூடினா உலகம் தாங்குமாடி? இதுக்கு மருந்து என்கிட்ட இருக்கு. அதுக்கு முன்னாடி ஊர்க்கதை ஒண்ணு சொல்லியாகணும். கதைக்குள்ளதான் மருந்தும் இருக்கு.

எங்க தெருக்கோடியில பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளிக்காரக் குடும்பம் ஒண்ணு குடியிருக்கில்ல, அவங்க பொண்ணுக்கு இடம் அமைஞ்சிருக்கு. மாப்பிள்ளை பெங்களூருல எலெக்ட்ரானிக் சிட்டி. ரெண்டு வீட்லயும் வீட்டுப் பேச்சு தெலுங்கு. நம்ம காலத்துல ஜாதகத்தை மஞ்சள் தடவிக் கொடுத்தா வேலை முடிஞ்சது. இப்ப அது பத்தலையாம், இங்கிலீஷ்ல பயோடேட்டா வேணுமாம். பொண்ணோட அப்பா, நான் அண்ணன்னு கூப்பிடறவர், நேரா பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய், சொல்லச் சொல்ல டைப் அடிக்க வச்சுட்டார். "ஃபேர், ஸ்லிம், ஹோம்லி கேர்ள்" வரைக்கும் வழக்கமான பாட்டு. அதுக்கு அடுத்த வரியிலதான் வினை: "ஹாஸ் லிட்டில் நாலெட்ஜ் ஆஃப் குக்கிங்."

மாப்பிள்ளையோட அத்தை இருக்காங்களே, ஓசூர்ல இங்கிலீஷ் டீச்சரா இருந்து ஓய்வானவங்க. பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அந்த வரியைப் படிச்சாங்க. காப்பித் தட்டோட பொண்ணு நிக்கிறா, சபையே அத்தை வாயைப் பாக்குது. "பொண்ணுக்குச் சமையல் வராதுன்னு இவ்வளவு நேர்மையா எழுதின பயோடேட்டாவை நான் இதுவரைக்கும் பாத்ததில்லைங்க"ன்னுட்டாங்க. அண்ணனுக்கு மூஞ்சி அவர் தோட்டத்துப் பழமாட்டம் ஆயிருச்சு. "கொஞ்சம் தெரியும்னுதாங்க எழுதச் சொன்னேன்"னார் பாவம்.

பிரச்சினை எங்கன்னு உனக்குப் புரிஞ்சிருக்கும். "எ லிட்டில்"னா கொஞ்சம் இருக்குன்னு அர்த்தம். முன்னாடி இருக்கற அந்த ஒத்தை "எ" விழுந்துட்டா, இல்லேன்னே வச்சுக்கலாம்னு அர்த்தம். "எ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்"னா நாலு பேராவது இருக்காங்க. "ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்"னா ஆளே அண்டாத மனுஷி. இதே வித்தியாசம் நமக்கும் உண்டுடி. "கொஞ்சம் தெரியும்"னு ஒண்ணு, "கொஞ்சந்தான் தெரியும்"னு ஒண்ணு. ரெண்டாவதைச் சொல்றப்ப உதட்டைப் பிதுக்குவோம். நாம வாலுல ஒரு "தான்" ஒட்டி நுணுக்கம் காட்றோம், அவங்க தலையில ஒரு "எ" வச்சோ எடுத்தோ காட்றாங்க. ஜெராக்ஸ் கடைத் தம்பிக்குத் தலைப்பக்கம் பாத்துப் பழக்கமில்லை.

பொண்ணு சும்மா இருந்தாளா? கணக்குல எம்.எஸ்ஸி. "அத்தை, உங்க பையனோட பயோடேட்டாவுல சமையல்னு ஒரு வரியே இல்லையே. எனக்கு லிட்டிலாவது இருக்கு"ன்னா. சபை குலுங்கிச் சிரிச்சுது. அத்தைதான் முதல்ல சிரிச்சாங்கன்னும் சொல்லணும். சம்பந்தம் அந்த இடத்துலயே முடிவாயிருச்சு.

வந்த வேலைக்கு நாம என்ன பேரு சொல்றோம்? "பொண்ணு பாக்கப் போறோம்"னு. முடிவான பிறகு மாப்பிள்ளை சனிக்கிழமையானா பைக்கை எடுத்துக்கிட்டு நாலுவழிச் சாலையில பறந்து வர்றானே, அதுக்குப் பேரு "பொண்ணைப் பாக்கப் போறான்". கவனிச்சியா? முதல்ல எந்தப் பொண்ணுன்னு முடிவாகலை, அதனால மொட்டையா "பொண்ணு". முடிவானதும் ஒரு "ஐ" வந்து ஒட்டிக்குது. "மாம்பழம் வாங்கினேன்"னா ஏதோ பழம். "மாம்பழத்தை வாங்கினேன்"னா நமக்குத் தெரிஞ்ச அந்தப் பழம். இங்கிலீஷ்காரன் "எ", "தி"ன்னு ரெண்டு குட்டிச் சொல்லை வச்சு முன்னாடி செய்யற வேலையில பாதியை நாம வேற்றுமை உருபை வச்சுப் பின்னாடியே முடிச்சுடறோம். மீதிக்கு "ஒரு" இருக்கு, "அந்த" இருக்கு. "ஒரு ஊர்ல ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு"ன்னு பாட்டி கதை ஆரம்பிச்சா, முதல் ராஜாவுக்கு "எ", ரெண்டாவது ராஜாவுக்கு "தி".

இன்னொரு வம்பு தெரியுமா? அந்த "எ"யும் "ஆன்"னும் பிறவியிலேயே வேற ஆளுங்க இல்ல. பழைய இங்கிலீஷ்ல ஒண்ணுன்னு அர்த்தம் சொல்ற சொல் தேய்ஞ்சு தேய்ஞ்சுதான் இப்படி ஆச்சு. "தி"யும் "தட்"டும் பங்காளிங்க, பழைய சுட்டுச்சொல் வம்சம். அவங்களும் ஒரு காலத்துல நம்மளை மாதிரி ஒண்ணையும் சுட்டையும் வச்சுத்தான் பொழைச்சிருக்காங்க. பிறகுதான் எண்ணக்கூடிய ஒத்தைப் பொருளோட பேருக்கு முன்னாடி ஏதாவது ஒண்ணு வேணும்னு சட்டம் போட்டுக்கிட்டாங்க. அதுலயும் எத்தனை குளறுபடி! "நாப்ரன்"னு இருந்த சொல்லை "எ நாப்ரன்"னு சொல்லிச் சொல்லி, "ந" எந்தப் பக்கம் சேர்ந்ததுன்னே மறந்து "ஆன் ஏப்ரன்" ஆக்கிட்டாங்க. சொந்த வீட்டுக்காரங்களே எழுத்தைத் தொலைச்ச இடத்துல ஜெராக்ஸ் கடைத் தம்பியை மட்டும் ஏன் திட்டணும்?

இப்ப உன் நீலப் புடவைக்கு வர்றேன். "என்னோட அந்த நீலப் புடவை"ன்னு தமிழ்ல தாராளமாச் சொல்லலாம். "என்னோட"வும் இருக்கலாம், "அந்த"வும் இருக்கலாம், சண்டையே இல்ல. இங்கிலீஷ்ல அது பென்னாகரம் டவுன் பஸ்ல டிரைவருக்குப் பக்கத்து ஒத்தைச் சீட்டு. "எ", "தி", "திஸ்", "தட்", "மை", "யுவர்" எல்லாரும் அதுக்குத்தான் அடிச்சுக்குவாங்க, ஒருத்தர்தான் உக்கார முடியும். "தட்" உக்காந்துட்டா "மை" இறங்கிப் போய் பின்வாசல் வழியா "ஆஃப் மைன்"னு ஏறணும்: "தட் ப்ளூ ஸாரி ஆஃப் மைன்". "ஆல்", "போத்", "ஹாஃப்" மூணும் செல்வாக்கான ஆளுங்க, அந்தச் சீட்டுக்கும் முன்னால பானெட் மேல உக்காந்துக்குவாங்க: "ஆல் மை ஸாரீஸ்". "சச்", "வாட்"டும் அந்த ஜாதிதான்: "சச் எ பிக் ஹவுஸ்". எண்ணிக்கை சீட்டுக்குப் பின்னால: "ஆல் மை ஃபைவ் ஓல்டு ஸாரீஸ்". ஆனா "ஸோ"வோ "டூ"வோ "ஹவ்"வோ கூட வந்துட்டா "பிக்"குங்கிற சாதாரண ஆளுக்கும் திடீர்னு தைரியம் வந்து முன்னாடி பாஞ்சுடும்: "டூ பிக் எ ஹவுஸ்". வினையடையோட துணை இருந்தா பெயரடைக்கு வர்ற மிடுக்கைப் பாரு. இவ்வளவையும் உன் பேத்தி பால் குடிக்கிறப்பவே சேர்த்துக் குடிச்சுட்டா. நீ சொன்னது தப்பான இங்கிலீஷா இருக்கலாம், தப்பான யோசனை இல்ல. உன் தலைக்குள்ள ரெண்டு சீட்டு உள்ள வண்டி ஓடுது.

"டுடே இட்ஸெல்ஃப்" கதையும் அப்படித்தான். "இன்னைக்கே"ங்கிறதுல உள்ள அந்த "ஏ"யை எங்க கொண்டு போய் வைக்கிறது? இங்கிலீஷ்காரன் குரலை அழுத்தியே சமாளிச்சுடுவான். நமக்கு ஒரு சொல் வேணும், அதனால "இட்ஸெல்ஃப்". "இங்கதான் இருக்கேன்"ங்கிற "தான்"னுக்கு "ஒன்லி": "ஐ ஆம் ஹியர் ஒன்லி". நம்ம ஜில்லாவுல ஒரு வீட்ல தமிழ், பக்கத்து வீட்ல தெலுங்கு, எதிர் வீட்ல கன்னடம். தெலுங்குல "ஈ ரோஜே", கன்னடத்துல "இவத்தே". மூணுலயும் அதே "ஏ" கடைசியில நிக்குது. மூணு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்புல உக்காந்தா "டுடே இட்ஸெல்ஃப்" தப்புன்னு யாரு யாருக்குச் சொல்றது? ஓட்டுப் போட்டா நாமதான் ஜெயிப்போம்.

நிச்சயம் முடிஞ்ச கையோட ரெண்டு குடும்பமும் ஒகேனக்கல் போச்சு. நானும் தொத்திக்கிட்டேன், நான் இல்லாம வம்பு எப்படி ஊருக்கு வரும்? மாப்பிள்ளையோட ஆபீஸ் சிநேகிதங்களான வடக்கத்திப் பசங்களும் கூட வந்தாங்க. பரிசல்காரத் தம்பி "சார், பிக் பிக் ராக், ஸ்மால் ஸ்மால் ஃபால்ஸ், ஃபுல் சேஃப்டி"ன்னு ஓட்டிக்கிட்டே வந்தார். மீன் வறுக்கற அக்கா "ஹாட் ஹாட் ஃபிஷ்"னு கூப்பிட்டாங்க. அத்தை இலக்கணக் கண்ணாடியை எடுத்தாங்க. ஆனா ஒரு வடக்கத்திப் பையன் ஒரு நொடி கூட யோசிக்கல, தட்டை நீட்டிட்டான். அவன் ஊர்ல "கரம் கரம் சாய்" இல்லையா? "பெரிய பாறைகள்"ங்கிறது வேற, "பெரிய பெரிய பாறை"ங்கிறது வேற. ரெண்டாவதுல ஒவ்வொண்ணும் பெருசு, அங்கங்க பரவிக் கிடக்குன்னு கண்ணுல தெரியும். இங்கிலீஷ் பெயரடைக்கு இந்த வித்தை தெரியாது. கரையில கால் நீட்டி உக்காந்திருந்த மாப்பிள்ளையோட அப்பாவை "என்ன பண்றீங்க"ன்னு அந்தப் பசங்க கேட்டப்ப "சிம்ப்ளி சிட்டிங்"ன்னார். "சும்மா உக்காந்திருக்கேன்"கிறதோட சுகம் மொத்தமும் அதுல வந்துருச்சா இல்லையா?

நாம எதை வாங்கிக்கிட்டோம், எதை வாசலோட அனுப்பிட்டோம்னு யோசிச்சுப் பாத்தியா? இங்கிலீஷ்ல இருந்து பெயரடை மூட்டை மூட்டையா வந்துச்சு. வந்ததுக்கெல்லாம் "ஆன", "ஆ" சேர்த்துப் புழங்கறோம்: "டைட்டான ஜாக்கெட்", "கரெக்ட்டான ஆளு", "ஸ்ட்ராங்கா ஒரு டீ", "ஸ்லோவா போங்க". வினையடையும் வந்துச்சு, ஆனா அதோட "லி" வாலை வெட்டிட்டு நம்ம வாலை வச்சோம். "ஆக்சுவலி" போய் "ஆக்சுவலா" ஆச்சு. "நார்மலா", "ஜெனரலா"ன்னு எல்லாம் அதே கதை. இத்தனை வந்தும் "எ"யும் "தி"யும் மட்டும் இன்னைக்கு வரைக்கும் உள்ள வரல. இங்கிலீஷ்லயே அதிகமாப் புழங்கற சொல் "தி". எழுத்துல நூறு சொல்லுக்கு அஞ்சாறு அதுவாத்தான் இருக்கும். அப்படிப்பட்டதை எந்தத் தமிழனும் "தி பஸ் வந்துச்சா"ன்னு கேக்க மாட்டான். தேவையில்லாததை வாங்காத ஜனம்டி நாம. லத்தீன்லயும் அது கிடையாது, ரஷ்யன்லயும் சீனத்துலயும் கிடையாது. ரோமாபுரிக்காரன் "தி" இல்லாமத்தான் ராஜ்ஜியம் ஆண்டான்.

உன் ஊர்க்காரங்க யோக்கியதையையும் சொல்லணும். யார்க்ஷயர் பேச்சுல "தி"யை முழுசாச் சொல்லாம ஒரு "ட்"டா நறுக்கி முழுங்கிடுவாங்கன்னு பேரு. லீட்ஸ் மார்க்கெட்டுல வயசானவங்க பேசறதைக் காது கொடுத்துக் கேளு, கேட்டுட்டு வந்து பேத்திகிட்டச் சொல்லு. பிரிட்டிஷ்காரன் ஆஸ்பத்திரியில படுத்தா "இன் ஹாஸ்பிட்டல்". அமெரிக்காக்காரன் படுத்தா "இன் தி ஹாஸ்பிட்டல்". ஒரே காய்ச்சல்தான்! நியூஜெர்சியில இருக்கற பொண்ணோட சித்தப்பா வீடியோ கால்ல பயோடேட்டாவைப் பாத்துட்டு, "ஹோம்லி"யை உடனே எடுங்கன்னு கத்தினாராம். இங்க அது குடும்பப் பாங்கு. அங்க அது லட்சணம் இல்லாத முகம். அப்புறம் உன் பக்கத்து வீட்டம்மா உன் புளியோதரையைச் சாப்பிட்டுட்டு "க்வைட் நைஸ்"ன்னாங்கன்னு பெருமையா எழுதியிருந்தியே, அதைச் சொல்லவா வேண்டாமா? சொல்லிடறேன். அமெரிக்காக்காரி சொல்லியிருந்தா ரொம்ப நல்லா இருக்குன்னு அர்த்தம். இங்கிலாந்துக்காரி சொன்னா பெரும்பாலும் "பரவாயில்ல"ன்னுதான் அர்த்தம். அடுத்த தடவை பெருங்காயம் கூடப் போடு.

வினையடைங்க எல்லாமே இப்படித்தான், நம்ப முடியாத ஜென்மங்க. "வெரி" பிரெஞ்சுக்காரன் வீட்ல இருந்து வந்தப்ப அதுக்கு "உண்மையான"ன்னு அர்த்தம். நம்ம ஜனம் "மெய்யாலுமே நல்லா இருக்கு"ன்னு சொல்லுதே, அதே மாதிரி சொல்லிச் சொல்லி உண்மை தேய்ஞ்சு வெறும் "ரொம்ப" மிச்சமாச்சு. தொல்காப்பியர் காலத்துல மிகுதியைச் சொல்ல உறு, தவ, நனின்னு மூணு இருந்துச்சு. இப்ப யாராவது "சாம்பார் நனி நன்று"ன்னா எந்திரிச்சுப் போயிடுவோம். "பயங்கரமா நல்லா இருக்கு"ன்னு சின்னப் பசங்க சொல்றப்ப நீ தலையில அடிச்சுக்குவியே, "டெரிபிளி நைஸ்"னு இங்கிலீஷ்காரன் ரொம்ப காலமாச் சொல்லிக்கிட்டிருக்கான். பயத்தை வச்சுப் பாராட்டறது எல்லா ஊர்லயும் இருக்கற வழக்கம் போல.

பெயரடைங்க ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வரிசை கட்டறதுல மட்டும் நமக்கும் அவங்களுக்கும் பெரிய தகராறு இல்ல. முதல்ல அபிப்பிராயம், அப்புறம் அளவு, வயசு, நிறம், கடைசியில என்னத்தால செஞ்சதுன்னு. "அழகான பெரிய கருப்புப் பட்டுப்புடவை"ன்னு நீயும் சொல்லுவே, அவங்களும் சொல்லுவாங்க. "கருப்புப் பெரிய"ன்னா நம்ம காதுக்கும் உறுத்தும். டோல்கீன்னு பெரிய எழுத்தாளர், குழந்தையா இருந்தப்ப ஒரு டிராகன் கதை எழுதி அம்மாகிட்டக் காட்டினாராம். "க்ரீன் க்ரேட் டிராகன்னு வராது, க்ரேட் க்ரீன் டிராகன்தான்"னு அம்மா திருத்தினாங்களாம். ஏன்னு இன்னும் புரியலன்னு 1955-ல கவிஞர் ஆடனுக்கு எழுதின கடுதாசியில சொல்லியிருக்கார். மொழியே தொழிலா இருந்த பேராசிரியருக்கே புரியல! உன் பேத்திகிட்ட ஏன்னு கேளு. "அப்படித்தான்"ன்னுதான் சொல்லுவா, பாரு.

கடைசியா ஒண்ணு, இதுதான் கதையோட உச்சம். மாப்பிள்ளையோட அப்பா வருவாய்த்துறையில இருந்து ஓய்வானவர். மண்டபத்துக்கு முன்பணம் கட்டற விஷயமா நம்ம அண்ணனுக்கு வாட்ஸப்ல ஒரு வரி போட்டார்: "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்." பாரு, ஒத்தை வரியில வினையடை, "தி", பெயரடை மூணும் வரிசையா வந்தாச்சு! வேற எங்க "தி"யை விட்டாலும் இங்க மட்டும் நம்ம ஆளுங்க விடவே மாட்டாங்க. பெயரடைக்கு முன்னாடி "தி" போட்டு அதையே பெயராக்கிடற பழைய இங்கிலீஷ் வித்தை அது. இந்த வரி இங்கிலாந்துல வழக்கொழிஞ்சு போச்சு, நம்ம தாலுகா ஆபீஸ்கள்ல அமோகமா இருக்கு. அது இங்க எப்படி வந்துச்சுங்கறியா? 1792-ல திப்பு சுல்தான்கிட்ட இருந்து நம்ம ஊரும் அடங்கின பாரமகால் சீமை கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனப்ப, கேப்டன் ரீடுக்கு உதவியா தாமஸ் மன்றோ இங்க வந்து 1799 வரைக்கும் நிலம் அளந்து வரி போட்டார். தர்மபுரியிலதான் அவருக்கு வீடும் ஆசையா வளர்த்த தோட்டமும். ஸ்காட்லாந்துல இருந்த சொந்தங்களுக்கு இங்கிருந்து கதை கதையா எழுதியிருக்கார், நம்மளை மாதிரியே. அந்தக் கச்சேரிக் காகிதங்கள் வழியா வந்த இங்கிலீஷைத்தான் நம்ம சம்பந்தி பரம்பரைச் சொத்து மாதிரி காப்பாத்தறார்.

ஆனா "தி நீட்ஃபுல்"னு அந்தக் காலத்து இங்கிலீஷ்ல பணத்துக்கும் செல்லப் பேர் உண்டு. அத்தை அதை எடுத்துச் சொன்னதுதான் தாமதம், அண்ணன் முகம் இறங்கிப் போச்சு. "வரதட்சணையைத்தான் சுத்தி வளைச்சுக் கேக்கறாரா"ன்னு என்கிட்ட ஓடி வந்தார். நான் சம்பந்திக்கே போன் போட்டுக் குடுத்தேன். "ஐயையோ, ஆக வேண்டியதைப் பாருங்கன்னுதாங்க எழுதினேன், மண்டபச் செலவுல பாதி என்னோடது"ன்னு அவர் பதறினார். அந்தப் பாதியை எழுத்துல வாங்கி வச்சுக்கோங்கன்னு அண்ணன் காதுல ஊதிட்டு வந்திருக்கேன்.

ஆகமொத்தம் என் தீர்ப்பு இது. நம்ம ஆளுங்க பண்ற தப்பு கண்ணு மண்ணு தெரியாத தப்பு இல்ல, தமிழோட விதியை ஒழுங்காக் கடைப்பிடிச்சதால வர்ற தப்பு. பேச்சுல அது வந்தா வரட்டும், நீ "மை தட் ஸாரி"யைக் கட்டிக்கிட்டு தைரியமாப் பேசு, யாருக்கும் புரியாமப் போகாது. ஆனா நாலு பேர் கண்ணாடி போட்டுப் படிக்கற காகிதத்துல "எ"யைத் தொலைக்காதே. அது போனா தெரிஞ்ச சமையலும் சேர்ந்து போயிடும்.

பதிலை உடனே போடு, டுடே இட்ஸெல்ஃப்.

உன் பழைய பெஞ்சுத் தோழி

பி.கு: கல்யாணப் பத்திரிகையோட இங்கிலீஷ் பக்கத்தை அத்தையும் நியூஜெர்சி சித்தப்பாவும் திருத்திக்கிட்டிருக்காங்க. அத்தை போடற "தி"யை சித்தப்பா அடிக்கிறார், சித்தப்பா போடறதை அத்தை அடிக்கிறாங்க. அச்சகத்துக்காரர் தமிழ்ப் பக்கத்தை மட்டும் ஓட்டி முடிச்சுட்டு, மிச்சத்துக்கு அட்வான்ஸைத் திருப்பித் தரட்டுமான்னு கேக்கறார்.